முதுமைக்கு ஓர் உடன்படிக்கை

மேலை நாட்டார் பெற்றோரை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர் என்ற பேச்சு நம் குடும்பங்களில் அடிக்கடி எழுவதுண்டு. ‘விட்டுவிடுதல்’ என்ற அச்சொல்லை நாம் ஆராய்ந்து பார்ப்பதில்லை. அதில் விடுபவர் ஒருவர், விடப்படுபவர் வேறொருவர்; முடிவு முழுவதும் முன்னவருடையது. ஆனால், முதியவர் தாமே பேசி, தாமே நிபந்தனை விதித்து, தம் கடைசிக் காலத்து இருப்பிடத்தை அமைத்துக்கொண்ட காலமும் அதே மேலை நாட்டில் இருந்தது. இங்கிலாந்தின் பழைய ஊர்மன்ற ஏடுகள் அதற்குச் சான்று பகர்கின்றன.

பெட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் கிரான்ஃபீல்டு என்பது ஒரு சிற்றூர். 1294ஆம் ஆண்டில் அவ்வூர் மன்றத்தின் முன் எலியாஸ் என்னும் குடியானவர் (நம்மிடையே இல்யாஸ் என வழங்கும் அதே பெயர்தான்) தம் வீட்டையும் நிலத்தையும் மகன் ஜானுக்கு ஒப்படைத்தார். ஒப்படைக்கும்போதே நிபந்தனைகளையும் பதிவு செய்வித்தார். தாமும் மனைவி கிறிஸ்டினாவும் உயிரோடிருக்கும்வரை மகன் தக்க உணவும் பானமும் தர வேண்டும். பெரிய வீட்டில் மகனோடு இருவரும் வசிப்பார்கள். அடுத்த நிபந்தனைதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. இரு தரப்பாருக்கும் பிணக்கு நேர்ந்து ஒரே கூரையின்கீழ் அமைதியாக வாழ இயலாமற்போனால், மகன் அவர்களுக்குத் தோட்டத்தோடு கூடிய தனி வீடு ஒன்றைத் தர வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் வரும் மிக்கேல் திருநாளன்று 3 குவார்ட்டர் கோதுமை, ஒன்றரை குவார்ட்டர் பார்லி, ஒன்றரை குவார்ட்டர் அவரையும் பட்டாணியும், 1 குவார்ட்டர் ஓட்ஸ் அளக்க வேண்டும். குவார்ட்டர் என்பது 8 புஷல் கொண்ட பழைய முகத்தலளவை.

மகன்மீது எலியாசுக்கு நம்பிக்கை இல்லை என்று இதனைக் கொள்வது பிழை. நம்பிக்கை இல்லாதவர் நிலத்தை ஒப்படைத்திருக்கவே மாட்டார். உடலில் வலுவும் கையில் நிலமும் இருக்கும்போதே, கசப்பு நேரக்கூடும் என்பதையும் கணக்கில் கொண்டு, தந்தையும் மகனும் ஊரார் முன்னிலையில் அமர்ந்து பேசி முடித்திருக்கின்றனர். நம் வீடுகளில் பத்திரம் எழுதும் வேளையில், ‘நாளைக்கு மகனுக்கும் உங்களுக்கும் ஒத்துவராமல் போனால்?’ என்று எழுத்தர் கேட்டுவிட்டால், வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று உம்மாமார் சினந்துகொள்வர். கிரான்ஃபீல்டில் அக்கேள்வியை எவரும் அபசகுனமாகக் கருதியதாகத் தெரியவில்லை. அத்தகைய உடன்படிக்கைகள் அந்நாளைய மன்ற ஏடுகளில் பல உள்ளன. அடுப்பருகே இடம், விறகு, ஆடை, ஒரு பசு, தோட்டத்தில் ஒரு பகுதி என அவை நுணுக்கமாகப் பேசுகின்றன. சொன்னபடி நடவாத மகனுக்கு மன்றம் தண்டம் விதித்தது. நிலமே பெற்றோரிடம் திரும்பியதும் உண்டு. 1606ஆம் ஆண்டில் அரசவையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், நாட்டைப் பெண்மக்களுக்குப் பங்கிட்ட லியர் மன்னனும் தனக்கென நூறு வீரர்களை நிபந்தனையாக வைத்துக்கொள்கிறான். நூறு ஐம்பதாகிறது, ஐம்பது இருபத்தைந்தாகிறது. குடியானவருக்கு இருந்த ஊர்மன்றம் அம்மன்னனுக்கு இல்லை!

மக்களில்லாதோருக்கும், மக்களோடு வாழ விரும்பாதோருக்கும் வேறொரு வழி இருந்தது. கிறிஸ்தவ மடம் ஒன்றுக்கு நிலமோ ரொக்கமோ தந்து, ஆயுள் முழுவதும் அங்கே அறையும் அன்றாட உணவும் பெறும் உரிமையை வாங்கிக்கொள்வர். ‘கொரடி’ என்பது அதன் பெயர். இன்று முன்பணம் கட்டி முதியோர் குடியிருப்பில் சேருவோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. மன்னர்கள் தம் பழைய பணியாளரை மடங்களின் தலையில் கட்டியதும் நடந்தது. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவ்வழி அடைபட்டது. வின்செஸ்டரில் 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய புனிதச் சிலுவை இல்லம் போன்ற சில அறநிலையங்கள் மட்டும் எஞ்சி நின்று, இன்றுவரை முதியோருக்கு வீடளித்து வருகின்றன.

இனி வருவது இருண்ட பகுதி. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், வசதியுள்ள மக்கள் பெற்றோரைப் பேண வேண்டும் என்று விதித்தது. எவருமில்லாத முதியோருக்குப் பங்குத் திருச்சபை நிர்வாகம் வார உதவி தந்தது. அவ்வுதவியைப் பலர் தம் வீட்டிலிருந்தபடியே பெற்றனர். 1834ஆம் ஆண்டின் புதிய சட்டம் உழைப்பில்லங்களைப் பெருக்கியது. சோம்பேறிகளை விரட்டவே அவ்வில்லங்கள் என்றனர். ஆயினும் உள்ளே நிறைந்தவர்களில் பெரும்பகுதியினர் காலப்போக்கில் முதியோராயினர். ஒரே வகைச் சீருடை. ஆணுக்கு ஒரு கூடம், பெண்ணுக்கு ஒரு கூடம். ஐம்பதாண்டு இல்லறம் நடத்தியவர்களும் வாயிற்படியில் பிரிய வேண்டியிருந்தது. 60 வயது கடந்த தம்பதியரைப் பிரிக்கலாகாது என்று 1847இல் சட்டம் செய்தனர். தனியறை ஒதுக்கிய இல்லங்களோ மிகச் சில. 1870களில் வீட்டிற்கே வந்துகொண்டிருந்த உதவியையும் அதிகாரிகள் வெட்டலாயினர். ‘உள்ளே வா, அல்லது பட்டினி கிட’ என்பதே முதியவருக்கு வைக்கப்பட்ட தேர்வு.

அதனினும் கொடிது ஒன்றுண்டு. 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டப்படி, உரிமை கோர எவரும் வராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அறுத்துப் பார்க்கக் கொடுக்க இயன்றது. ஏழை முதியோர் உழைப்பில்லத்தை எண்ணி நடுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கஃபனும் ஜனாஸாவும் ஓர் உயிருக்கு எத்துணை ஆறுதல் என்பதை அறிந்த நமக்கு அந்நடுக்கம் எளிதில் விளங்கும்.

அவர்கள் நிலையை முதலில் மாற்றியது ஒரு சிறு தொகை. சார்லஸ் பூத் போன்றோர் பல்லாண்டு வாதிட்டதன் பயனாக 1908இல் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறிற்று. 1909 ஜனவரி முதல் நாளிலிருந்து, 70 வயதைத் தாண்டிய ஏழையருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை அஞ்சலகத்தில் கிடைத்தது. கண்ணீர் மல்க வந்த கிழவர்கள், பணத்தை எடுத்துக்கொடுத்த பெண்ணுக்குத் தம் தோட்டத்துப் பூக்களையும் ஆப்பிள்களையும் கொண்டுவந்து கொடுத்ததை ஃப்ளோரா தாம்சன் என்னும் எழுத்தாளர் பதிவு செய்துள்ளார். 5 ஷில்லிங்கில் தனியே வாழ்வது கடினமே. ஆனால் மகள் வீட்டின் ஒரு மூலையில் இருப்பவர், வாரந்தோறும் தம் பங்கைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார அது போதும்.

1948இல் ஏழையர் சட்டம் ஒழிந்தது. முதியோருக்கு இல்லம் அமைப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று. 25 அல்லது 30 பேர் தங்கும் சிறு விடுதிகளாக அவை இருக்க வேண்டும் என்பது அமைச்சர் அன்யூரின் பெவன் கண்ட கனவு. 26 ஷில்லிங் ஓய்வூதியத்தில் 21ஐ விடுதிக்குக் கட்டிவிட்டு, 5 ஷில்லிங்கைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். விருந்தினர் கட்டணம் செலுத்துகிறார் என்பதே அதன் கருத்து. கனவு ஒன்று, கட்டடம் வேறொன்று. பீட்டர் டவுன்செண்ட் என்னும் ஆய்வாளர் 173 இல்லங்களை நேரிற்சென்று பார்த்து 1962இல் நூலாக வெளியிட்டார். பழைய உழைப்பில்லக் கட்டடங்களிலேயே முதியோர் பலர் இன்னும் நீண்ட கூடங்களில் கிடப்பதை அவர் கண்டார். அதே 1948 சட்டத்தின் 47ஆம் பிரிவு, சுகாதாரமற்ற சூழலில் கவனிப்பாரின்றி வாழும் முதியவரை அவர் விருப்பத்திற்கு மாறாகவும் நீதிமன்ற ஆணையால் வெளியேற்ற இடந்தந்தது. இங்கிலாந்தில் அப்பிரிவு 2015இல்தான் வழக்கொழிந்தது. இதற்கிடையே 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் முக்கியமானதொரு விதியைச் சேர்த்தது: ஒருவர் எடுக்கும் முடிவு பிறருக்கு அறிவீனமாகப் படுகிறது என்ற ஒரே காரணத்தால், முடிவெடுக்கும் திறனற்றவராக அவரைக் கருதலாகாது. ‘வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, நாமே முடிவு செய்வோம்’ என்று கூடிப் பேசும் பிள்ளைகள் அவ்விதியை ஒருமுறை படிப்பது நலம்.

எலியாசின் உடன்படிக்கையை நினைவூட்டும் விதி நம் நாட்டிலும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு முதியவர் தம் சொத்தைத் தானமாகவோ வேறு வகையிலோ கொடுத்து, பெற்றவர் பேணத் தவறினால், அக்கொடையைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்தை நாடலாம். நிபந்தனை இருந்தது என்பது நிறுவப்பட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் முன் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கு வந்தது. தானப் பத்திரத்தில் நிபந்தனை தெளிவாக இல்லை. பெற்றோரைக் கடைசிவரை காப்பேன் என்று மகன் எழுதித் தந்ததாகச் சொல்லப்பட்ட உறுதிமொழி வேறொரு தாளில் இருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்ற நீதிபதிகள், தானத்தை நீக்கி, பிப்ரவரி 28ஆம் நாளுக்குள் சொத்தைத் தாயிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டனர்.