எரிபொருளும் உடைமையும்

சுமையேற்றும் சிறு வாகனமொன்றை வாங்க முற்படும் விவசாயி முதலிற் கேட்கும் வினா, டீசலா பெற்றோலா என்பதே. வெங்காய மூடைகளைச் சந்தைக்குச் சேர்க்க வேண்டியவனுக்கு அது வெறும் கணக்கு வினா. லீற்றருக்கு எத்தனை கட்டை ஓடும், பழுதுற்றால் எவர் திருத்துவார், தவணைப் பணம் எவ்வளவு என்பவற்றை அவன் கூட்டிக் கழித்துப் பார்க்கிறான். ஆயின் அவன் கணக்கில் இடம்பெறும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று வினவுவோமாயின், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உடைமைப் போராட்டமொன்றின் வரலாற்றினுட் புகவேண்டியவராவோம்.

இருவகை எஞ்சின்களின் வேறுபாடு மாணவர் அறிந்ததே. நிக்கொலஸ் ஒற்றோ 1876 இல் அமைத்த எஞ்சினின் வழிவந்த பெற்றோல் எஞ்சினில், காற்றோடு கலந்த எரிபொருளாவியை மின் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்று மட்டும் 15 முதல் 20 மடங்கு வரை நெருக்கப்படுகிறது. நெருக்கத்தாற் கொதிப்பேறிய அக்காற்றினுட் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. அதனால் எரிபொருளின் வெப்பத்திற் கூடிய பங்கு வேலையாக மாறுகிறது. பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடுபவனுக்கு டீசல், குறைந்த முதலுடன் குறுந்தூரம் ஓடுபவனுக்குப் பெற்றோல் என்று திருத்துநர் கூறும் புத்திமதிக்கு அடிப்படை இதுவே.

இனி அவ்வெஞ்சினுக்குப் பெயர் தந்த மனிதனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பாரிசில் 1858 இல் ஜேர்மன் பெற்றோருக்குப் பிறந்த ருடொல்ப் டீசல், 1892 இற் காப்புரிமை பெற்றார். 1897 இல் ஓக்ஸ்பேர்க் நகரில் நடைபெற்ற பரிசோதனையில் அவரது எஞ்சின் நூற்றுக்கு 26 வீத வினைத்திறனைக் காட்டிற்று; அக்காலத்துச் சாதாரண நீராவி எஞ்சின்கள் 10 வீதத்தை எட்டுவதே அரிது. பெருந்தொழிற்சாலைகளின் நீராவி வலுவுக்கு முன் நலிந்துபோன சிறு கைவினைஞர், சிக்கனமான சிறு எஞ்சின்களைக் கொண்டு மீண்டும் தலைநிமிரலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு. 1903 இல் தொழிலாளர் கூட்டுறவை வற்புறுத்தும் நூலொன்றையும் அவர் வெளியிட்டார். அதனை வாங்கிப் படித்தவர் மிகச் சிலரே. அவரது எஞ்சினைப் போற்றிய முதலாளிகளுக்கு அவரது சிந்தனை வேண்டியிருக்கவில்லை. கைவினைஞரின் துணைவனாகக் கருதப்பட்ட எஞ்சின், நீர்மூழ்கிப் போர்க்கப்பல்களிற் போய்க் குடியேறிற்று. டீசலோ 1913 செப்டெம்பரில், ஆங்கிலேயக் கரை நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து இரவோடிரவாக மறைந்து, பின்னர் கடலிற் பிணமாகக் காணப்பட்டார்.

1900 ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில், நிலக்கடலை எண்ணெயால், அதாவது நம் கச்சான் எண்ணெயால், டீசல் எஞ்சினொன்று இயக்கிக் காட்டப்பட்டது. கனிய எண்ணெய்க்கென அமைத்த அவ்வெஞ்சினில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. அது இயங்கிய செம்மையாற் பார்வையாளருட் பலர் எண்ணெய் மாறியதையே உணரவில்லையெனப் பின்னர் டீசலே குறித்துள்ளார். இச்சம்பவத்தைக் கூறுவோர் பலர் ஒன்றைக் கூறாது விடுகின்றனர். கச்சான் எண்ணெயை இட்டுப் பார்க்குமாறு கேட்டது பிரெஞ்சு அரசாங்கம். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைந்தது. அங்கு விளைவதைக் கொண்டே அங்குள்ள எஞ்சின்களை ஓட்டலாமா என்பதே அவ்வரசின் நாட்டம். பெல்ஜியமும் இவ்வழியிற் சென்றது. 1937 இல் பிரசெல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்பவர் செம்பனை எண்ணெயை மதுசாரத்தோடு தாக்கமுறச் செய்து டீசலுக்கு நிகரான எரிபொருளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில் பிரசெல்சுக்கும் லுவேனுக்கும் இடையே பேருந்தொன்று அவ்வெரிபொருளில் ஓடிற்று. செம்பனை எண்ணெய் கொங்கோவின் விளைபொருள். தாவர எண்ணெய் தன்னளவில் ஏழையின் தோழன் என்று கருதுவோர் இவற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பெற்றோலின் கதை அமெரிக்காவுக்குரியது. ஹென்றி போர்ட்டின் நிறுவனம் 1925 இல் 281 டொலர் விலையில் விற்பனைக்கு விட்டதே, தொழிற்சாலையிலேயே சுமைப்பெட்டி பொருத்தி வெளிவந்த அதன் முதற் பிக்கப் வாகனம். அதன் எஞ்சின் நெருக்கம் குறைந்தது. எனவே பலதரப்பட்ட எரிபொருளையும் சகித்துக்கொண்டது. வயலில் விளையும் பொருட்களிலிருந்து வடிக்கும் மதுசாரமே வருங்கால எரிபொருள் என்று போர்ட் அவ்வாண்டிலேயே கூறினார். தொழிலாளர் சங்கங்களை அவர் எவ்வாறு நடத்தினார் என்பது வேறு கதை. இவ்விடயத்தில் அவர் கூற்றுத் தவறானதன்று. ஆனால் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு, விவசாயியின் வடிகலத்தைக் குற்றப்பொருளாக்கிற்று. எஞ்சின் இடிப்புச் சத்தத்தைத் தடுக்க மதுசாரம் உதவும் என்பதை ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வாளர் அறிந்திருந்தனர். மதுசாரத்தை எவரும் வடிக்கலாம். அதற்குக் காப்புரிமை பெற்று இலாபமீட்டுதல் அரிது. 1921 இற் கண்டறியப்பட்ட ஈயச் சேர்வைக்கோ காப்புரிமை உண்டு. 1924 இல் நியூ ஜேர்சியிலுள்ள ஸ்ராண்டர்ட் ஒயில் ஆலையில் அந்நஞ்சினால் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி இறந்தனர். அப்படியிருந்தும் ஈயப் பெற்றோல் உலகெங்கும் பரவிற்று. மோட்டார் வாகனங்களுக்கு அதனை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதனைக் கைவிட்டது 2021 இலேயே.

வீட்டிலேயே எரிபொருள் ஆக்குவதைப் பற்றி மாணவர் ஆர்வத்துடன் வினவுவதுண்டு. முறை எளிது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடித்து, நீர் நீக்கி, மெதனோலும் சோடியமைதரொட்சைட்டும் கலந்த கரைசலோடு சூடாக்கிக் கலக்கினால், கிளிசரோல் அடியிற் படிய, மேலே நிற்பது உயிர்ப்பு எரிபொருள். டீசல் எஞ்சின் இதனை ஏற்கும். பெற்றோல் எஞ்சின் ஏற்காது. எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ன என்போருக்கு விடை, அது டீசலினும் ஏறத்தாழப் பத்து மடங்கு பிசுக்குடையது என்பதே. மெதனோல் கண்ணைக் கெடுக்கும் நஞ்சு. அதன் சுவாலை பகலிற் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணிய பீச்சுக்குழாய் கொண்ட இக்கால எஞ்சின்கள் சிறு மாசையும் பொறா. இவை யாவற்றுக்கும் மேலாக, நம் நாட்டில் மெதனோலும் இறக்குமதிப் பொருளே. தேங்காயெண்ணெயோ கறிச்சட்டிக்கே போதாது. கடைக்காரனின் கழிவெண்ணெய் கிடைக்குமளவுக்கே இவ்வழி பயன்படும்.

யாழ்ப்பாண மக்கள் கண்ட மாற்று வேறு. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; எனவே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். 1917 முதல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரங்கள் பின்பற்றிய முறையும் இதுவே. நெருக்கம் குறைந்த பழைய எஞ்சின் மலிந்த எண்ணெயைப் பொறுத்தது. புதுமை மிக்க வாகனங்கள் கொட்டிலில் உறங்கின. அக்காலத் திருத்துநரின் பட்டறிவை எழுதி வைத்தோர் மிகச் சிலர் என்பது நமது கல்வியுலகுக்குப் பெருமை தருவதன்று.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்ற வினாவுக்கு 2022 ஆம் ஆண்டு வெளிப்படையாக விடை தந்தது. 2021 டிசெம்பரில் இலங்கையில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. டீசல் 121 ரூபா. 2022 ஜூன் இறுதியிற் பெற்றோல் 470 ஆகவும் டீசல் 460 ஆகவும் உயர்ந்தன. டீசலுக்கிருந்த 56 ரூபா மலிவு 10 ரூபாவாகச் சுருங்கிற்று. எஞ்சினின் இயல்பு அந்த ஆறு மாதங்களில் மாறவில்லை. அரசாங்கத்தின் கையிருந்த அந்நியச் செலாவணியே வற்றிற்று. டீசல் மலிவு என்று நம்பிக் கடனுக்குப் ‘பட்டா’ வாங்கியவன், எரிபொருள் நிலைய வரிசையில் இரவைக் கழித்தபடி தவணைக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டான்.