உள்ளூர் வங்கிகளும் வெளிநாட்டு வங்கிகளும்: தென் தமிழகம்

வளரும் நாடுகளில் வெளிநாட்டு வங்கிகள் முதலில் பிடிப்பது துறைமுகங்களையும் பெருநகரங்களையும்தான். ஏற்றுமதி பில், அந்நியச் செலாவணி, பெரிய ஆலைகளின் கணக்கு ஆகியவை அவற்றின் பலம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்கள் நெடுங்காலம் உள்நாட்டு வங்கிகளின் களமாகவே இருந்தன.

சென்னையில் ஆங்கிலேயரின் அர்பத்நாட் நிறுவனம் 1906-இல் திவாலானது. போட்டவர்களின் சேமிப்பு கரைந்த அந்தக் கசப்பில் 1907-இல் பிறந்தது இந்தியன் வங்கி. 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆயிற்று. விருதுநகர் வட்டாரக் கிராமங்களுக்கு 1977-இல் பாண்டியன் கிராம வங்கி வந்தது. 2019-இல் அது தமிழ்நாடு கிராம வங்கியில் இணைந்தது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரருக்கு வேண்டியது சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன். நூலுக்குப் பணம் முன்னால் போகும், துணிக்குப் பணம் பின்னால் வரும். இடைவெளியை வங்கி நிரப்ப வேண்டும். நூல் இருப்பு, வரவேண்டிய பாக்கி இரண்டையும் கணக்கிட்டு, கழிவு போகக் கடன் வரம்பு போடுவார்கள். மாதாமாதம் இருப்புப் பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலைச் சரிபார்க்க, தறிக்கொட்டகையை நேரில் பார்த்த மேலாளரைவிடத் தகுந்தவர் இல்லை. உள்ளூர் வங்கியின் உண்மையான முதல் இந்த நேரடி நெருக்கம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரரின் அவசரத்துக்கோ நகைக்கடன் போதும். அங்கே வங்கியோடு அடகுக்கடையும் போட்டியிடும்.

இந்த நெருக்கமே எல்லா வங்கியையும் காப்பாற்றிவிடவில்லை. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, பெருநிறுவனக் கடன்களில் கையைச் சுட்டுக்கொண்டது. 2020 நவம்பர் 17-இல் ஒருவர் எடுக்கக்கூடிய பணத்துக்கு 25,000 ரூபாய் வரம்பு வந்தது. பத்தே நாளில், நவம்பர் 27-இல், சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்துடன் அது இணைக்கப்பட்டது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் போட்டது. அதுவரை முப்பது சொச்சம் கிளைகளே வைத்திருந்த அதற்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் கிடைத்தன. வைப்பாளர்கள் தப்பினார்கள், பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வெளிநாட்டு வங்கி போட்டியிட்டு வென்ற களம் என்று இதைச் சொல்ல முடியாது.

எதிர்த் திசைப் பயணமும் உண்டு. சிட்டி வங்கி தன் இந்தியச் சில்லறை வணிகத்தை 2023 மார்ச்சில் ஆக்சிஸ் வங்கிக்கு விற்று விலகியது.

வைப்புக் காப்பீட்டில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.