கடல்நீரில் நனைந்த காப்பிக்கொட்டை

நம் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது ஒரே குறை. மாலையில் ஒரு தம்ளர் காப்பி குடித்தால் இரவு தூக்கம் வருவதில்லை. டாக்டர் நிறுத்தச் சொல்கிறார். அறுபது வருடப் பழக்கம், விட மனம் வரவில்லை. "காஃபீன் எடுத்த காப்பி விற்கிறதே, அது ரசாயனமாமே?" என்று என்னைக் கேட்கிறார்கள். மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காப்பியின் வரலாறு பிடிக்கும். அதிலும் கடல்நீர் வருகிறது.

1819-இல் ஜெர்மன் மகாகவி கதே கொடுத்த காப்பிக்கொட்டையிலிருந்து ரூங்க என்ற இளம் வேதியியலாளர் காஃபீனைப் பிரித்தெடுத்தார். அதைக் கொட்டையிலிருந்து நீக்கி வியாபாரம் செய்தவர் பிரேமன் நகரத்து வணிகர் லுட்விக் ரோசேலியுஸ். தம் தந்தையின் மரணத்துக்கு மிதமிஞ்சிய காப்பியே காரணம் என்று நம்பியவர் அவர். கப்பலில் வந்த ஒரு சரக்கு கடல்நீரில் நனைந்துவிட, அதில் காஃபீன் குறைந்தும் ருசி அதிகம் கெடாமலும் இருந்தது, அதுவே வழிகாட்டியது என்று சொல்வார்கள். 1906-இல் 'காஃபி ஹாக்' நிறுவனம் தொடங்கியது. ஆனால் அவர் பயன்படுத்தியது பென்சீன். அது புற்றுநோய் உண்டாக்கும் என்பது பின்னால் தெரிந்து கைவிடப்பட்டது. இன்றைய சந்தேகத்துக்கு வேர் அங்கேதான்.

இப்போது பல முறைகள் உண்டு. சிலர் மெத்திலீன் குளோரைடு, எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்களைக் கொண்டு எடுக்கிறார்கள். 1960-களில் ஜெர்மன் விஞ்ஞானி குர்ட் சோசல், அழுத்தமேற்றிய கரியமில வாயுவால் எடுக்கும் வழியைக் கண்டார். இன்னொன்று வெறும் தண்ணீர் முறை. இது உப்பளத்துக்காரருக்கு எளிதில் புரியும். முற்றிய உப்புநீரில் உப்பைக் கழுவினால் அழுக்குதான் போகும், உப்பு கரையாது. அதுபோலவே, காப்பியின் மற்றச் சத்துகள் ஏற்கெனவே நிறைந்த நீரில் பச்சைக் கொட்டையை ஊறவைத்தால் காஃபீன் மட்டும் வெளியேறும், ருசி பெரும்பாலும் தங்கிவிடும்.

ஆகவே வாங்கும்போது உறையைப் படியுங்கள். தண்ணீர் முறையா, கரியமில வாயு முறையா என்று எழுதியிருந்தால் நல்லது. ஒன்றுமே எழுதாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். வறுத்த தேதியையும் பாருங்கள். இந்தக் கொட்டை சீக்கிரம் மணம் இழக்கும், அதனால் நூறு கிராமாக வாங்குவதே மேல். சிக்கரி எவ்வளவு என்றும் கவனியுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரியில் காஃபீனே கிடையாது. அதற்கு ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்?

ஒன்றை மறக்க வேண்டாம். காஃபீன் முழுவதும் போய்விடுவதில்லை. ஐரோப்பிய விதிப்படி வறுத்த கொட்டையில் 0.1 சதவீதம் வரை இருக்கலாம். சாதாரண அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் 2 சதவீதத்துக்கு மேல். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே குடியுங்கள். மற்றவர்கள் காலைக் காப்பியைப் பழையபடி வைத்துக்கொண்டு, மாலைத் தம்ளரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். காப்பியை அடியோடு விட்டுவிட்டு ஏங்குவதைவிட அது மேல்.