மாரடைப்புக்குப் பின் ஸ்டாட்டின்: திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு மருந்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மாரடைப்புக்குப் பின் கொழுப்பைக் குறைக்க வழங்கப்படும் ஸ்டாட்டின் மருந்துகள், ஆய்வகத்திலிருந்து தமிழக ஊரகத் துணை சுகாதார நிலையம் வரை வந்து சேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மருந்து கிடைத்த முறை நோயாளியின் பொருள்நிலையையும் மருத்துவமனைக்கு இருந்த தொலைவையும் சார்ந்திருந்தது என்பதும், 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் அத்தொலைவின் ஒரு பகுதியையே கடந்துள்ளது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மாரடைப்பு, ஸ்டாட்டின், இதயத் தமனி, கொழுப்புப் படிவு, திருவண்ணாமலை, பொதுச் சுகாதாரம்.

முன்னுரை

1989 செப்டம்பர் 30ஆம் நாள் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிலுள்ள வேலூரில், அதாவது மற்றொரு மாவட்டத்தில், நின்றுவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள் சுமார் 24.6 இலட்சம் பேர். அவர்களுள் ஐந்தில் நால்வர் ஊரகத்தினர். செங்கம், போளூர், சவ்வாது மலை ஆகிய பகுதிகளில் நெஞ்சுவலி கண்ட ஒருவருக்கு மருத்துவம் என்பது முதலில் பயணமாகவே இருந்தது. மருந்தின் வரலாற்றை இப்பயணத்தோடு இணைத்தே படிக்க வேண்டியுள்ளது.

பூஞ்சையிலிருந்து மாத்திரை வரை

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, சாங்கியோ நிறுவனத்தில் ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளை ஆராய்ந்து, 1973இல் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொழுப்பை உருவாக்கத் துணைநிற்கும் நொதியை அது தடுத்தது. இரத்தத்திலுள்ள கொழுப்பை உயிரணுக்கள் உள்வாங்கும் முறையை விளக்கிய பிரவுன், கோல்ட்ஸ்டைன் ஆகியோர் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். 1987இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

எனினும் கொழுப்பைக் குறைப்பது உயிரைக் காக்குமா என்ற ஐயம் 1994 வரை நீடித்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயுற்ற 4,444 பேரிடம் நடந்த ஆய்வு அவ்வாண்டில் விடை தந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், வெற்று மாத்திரை பெற்றோரில் 256 பேரும் சிம்வாஸ்டாட்டின் பெற்றோரில் 182 பேரும் இறந்தனர்.

இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு அன்றி, அதன் தயாரிப்பு முறைக்கே உரிமை வழங்கியது. 2005இல் பொருட்காப்புரிமை மீளும்வரை உள்நாட்டு நிறுவனங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் போன்றவற்றைத் தம் வழியில் தயாரித்தன. ஆயினும் நாட்டில் மருந்து தயாரிக்கப்பட்டதனாலேயே அது நோயாளியின் கைக்குச் சென்றுவிடவில்லை.

படிவு மாறும் காலம்

மாரடைப்பு பெரும்பாலும் தமனிச் சுவரிலுள்ள கொழுப்புப் படிவின் மெல்லிய மேலுறை கிழிந்து, அங்கே இரத்தம் உறைவதால் நேர்கிறது. உறைவை மருந்தாலோ குழாய் செலுத்தியோ நீக்கினாலும் படிவு எஞ்சுகிறது. பிற தமனிகளிலும் அதுபோன்ற படிவுகள் இருக்கும். ஸ்டாட்டினின் பணி இங்கேயே தொடங்குகிறது. அது படிவின் கொழுப்பையும் அழற்சியையும் குறைத்து மேலுறையைத் தடிக்கச் செய்கிறது.

2006இல் வெளிவந்த ஆஸ்டராய்ட் ஆய்வு, 24 மாத ரோசுவாஸ்டாட்டின் சிகிச்சையில் படிவு சுருங்குவதைத் தமனிக்குள் செலுத்திய ஒலியலைக் கருவியால் அளந்து காட்டியது. மாரடைப்புக்கு உள்ளானவர்களிடமே நடந்த ஐபிஸ்-4 ஆய்வு, 13 மாதங்களுக்குப் பின் பாதிப்புறாத தமனிகளில் படிவின் விழுக்காட்டளவு சராசரியாக 0.9 புள்ளி குறைந்ததைக் கண்டது. இது சிறிய எண்ணே. அடைப்பைக் கரைக்கும் மருந்து என்று ஸ்டாட்டினைக் கருதுவது பிழை என்பதை இது உணர்த்துகிறது. படிவின் அளவைவிட அதன் தன்மை மாறுவதே நன்மையின் பெரும்பகுதி. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் தேவை.

பொருள்நிலையும் மருந்தும்

2008இல் லான்செட் இதழில் வெளிவந்த கிரியேட் ஆய்வு, இந்தியாவின் 50 நகரங்களிலுள்ள 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்தது. அறிகுறி தோன்றியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். கொழுப்பைக் குறைக்கும் மருந்து செல்வர்களில் 61.2 விழுக்காட்டினருக்கும் ஏழைகளில் 36 விழுக்காட்டினருக்குமே கிடைத்தது. முப்பது நாளுக்குள் இறந்தோர் செல்வரிடையே 5.5 விழுக்காடு, ஏழையரிடையே 8.2 விழுக்காடு. இவ்விறப்பு வேறுபாட்டை ஒரே மருந்தின்மீது ஏற்ற இயலாது. ஆனால் மருந்துச் சீட்டிலேயே வருமானம் இடம்பிடித்திருந்தது என்பதை இவ்வெண்கள் மறுக்கவியலாதவாறு காட்டுகின்றன.

இக்காலத்தில் தமிழ்நாட்டு அரசின் ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 2008இல் 108 அவசர ஊர்தி, 2009இல் அரசு மருத்துவக் காப்பீடு ஆகியவை தோன்றின. 2012 முதல் 2014 வரை 2,420 பேரைக் கொண்டு நடந்த தமிழ்நாடு மாரடைப்புத் திட்ட ஆய்வு, சிறு மருத்துவமனைகளைப் பெருமருத்துவமனைகளோடு இணைத்தது. ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது.

பதினான்கு மாத்திரைகள்

2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் இவ்வரலாற்றின் அண்மைக் கட்டம். மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களுக்கு வருவோர்க்கு ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோகிரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு என 14 மாத்திரைகள் அளித்து, பின் மேல்சிகிச்சைக்கு அனுப்புவது இதன் முறை.

இவற்றுள் எண்ணிக்கையில் மிகுந்தது ஸ்டாட்டினே. முதல் மணி நேரத்தில் அதன் பயனுக்கான சான்றோ மற்றவற்றைவிட மெலிந்தது. ஆஸ்பிரினின் பயனை 1988இல் 17,187 பேரிடம் நடந்த ஐசிஸ்-2 ஆய்வு நிறுவிவிட்டது. மாறாக, 2018இல் பிரேசிலில் 4,191 பேரிடம் நடந்த செக்யூர் ஆய்வில், 80 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டினை முன்கூட்டி அளித்ததால் மொத்த நோயாளிகளிடையே 30 நாளில் தெளிவான நன்மை காணப்படவில்லை. தமனி விரிவுச் சிகிச்சை பெற்றோரிடமே நன்மை தென்பட்டது.

இதனால் அவ்வெட்டு மாத்திரைகள் வீண் எனக் கொள்ளலாகாது. அவை ஒரு நீண்ட மருத்துவத்தின் முதல் நாள் மருந்து. இரண்டாம் நாளும் இருநூறாம் நாளும் தொடர்ந்தாலன்றி அவற்றின் நோக்கம் நிறைவேறாது. 2011இல் வெளிவந்த பியூர் ஆய்வு, குறைந்த வருமான நாடுகளில் இதயநோய் அல்லது பக்கவாதம் கண்டவர்களுள் 3.3 விழுக்காட்டினரே ஸ்டாட்டின் உட்கொண்டதைக் காட்டியது இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

கார்த்திகைத் தீபத்தன்று 14 கி.மீ. கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம்களும் அவசர ஊர்திகளும் நிறுத்தப்படுகின்றன. அன்று மருத்துவம் நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. துணை சுகாதார நிலையத்தில் 14 மாத்திரைகள் வைக்கப்பட்டதும் அதே அண்மையை ஆண்டு முழுவதற்கும் விரிக்கும் முயற்சியே. ஆனால் அம்முயற்சி முதல் மணி நேரத்தை நோக்கியது. தமனிப் படிவோ ஆண்டுக்கணக்கில் மாறுவது. வலி நின்றபின் மருந்து எதற்கு என்று வீடு திரும்பியவர் எண்ணுமிடத்தில் இவ்வரலாறு அறுபடுகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் வழியொன்றை ஏற்கெனவே அமைத்துள்ளது. மாரடைப்பிலிருந்து மீண்ட ஒவ்வொருவரின் ஸ்டாட்டினும் அவ்வழியில் தவறாது செல்கிறதா என்பதைக் கணக்கெடுப்பதே அடுத்த ஆய்வுகளின் முதற்பணி. முதல் மாத்திரை சென்ற தொலைவை ஆயிரமாவது மாத்திரையும் செல்லும்போதே இத்திட்டத்தின் பயன் முழுமையடையும்.