துறைமுகமும் தவறணையும்

கடல்வழியே பண்டங்கள் வந்திறங்கும் துறைகளிலே பழக்கங்களும் உடன் வந்திறங்குவது உலக இயல்பு. ஈழத்தின் கீழ்க்கரையிலே திருக்கோணமலைப் பெருந்துறையும், அதன் தென்பால் விரிந்த கொட்டியாரக் குடாவும், இன்னும் தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரமும் பழங்காலந்தொட்டே மரக்கலங்களை வரவேற்ற இடங்கள். இக்கரையின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். மனிதரின் அறிவை மயக்கும் பொருள்கள் பல. அவற்றுள் ஒன்றை உலகம் விருந்திலே வைக்கிறது. ஒன்றை மருந்துப் பெட்டியிலே வைக்கிறது. மற்றொன்றைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்துகிறது. இந்த வரிசை என்றும் ஒன்றாக இருந்ததில்லை. அதனை வகுத்தவர்களும் மருத்துவர்கள் மட்டுமல்லர்.

1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்திலே புயலில் அகப்பட்டுப் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். தலைவரின் மகன் ரொபேட் நொக்ஸ் அப்பொழுது பத்தொன்பது வயது இளைஞர். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மகனோ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே வாழ்ந்து, 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

அந்நூலிலே இலங்கை மக்களின் உணவும் ஒழுக்கமும் பற்றி அவர் கூறும் செய்திகள் கவனிக்கத்தக்கவை. வெறிகொள்ளக் குடிப்பதை அம்மக்கள் பெரிதும் வெறுத்தனர் என்றும், குடிக்கு அடிமையானோர் சிலரே என்றும் அவர் எழுதுகிறார். புகையிலையைக் குற்றமென்று சொல்லிக்கொண்டே ஆண்களும் பெண்களும் மென்றனர். வெற்றிலையின் மீது யாவருக்கும் தீராத விருப்பம். கஞ்சாவைப் பற்றி அவர் தரும் குறிப்போ முற்றிலும் வேறானது. வழிப்பயணத்திலே கெட்ட நீரைக் குடித்துக் காய்ச்சலுற்றபோது, உலர்ந்த கஞ்சா இலையைப் பொடித்து வெல்லத்துடன் சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்ணுமாறு அவருக்குக் கற்பிக்கப்பட்டது. தலை சுற்றியது என்பதை மறைக்காமல் கூறும் அவர், நச்சு நீருக்கு அதுவே மாற்று மருந்து என்று நம்பினார். 1689இல் அவருடைய நண்பரும் புகழ்பெற்ற விஞ்ஞானியுமான ரொபேட் ஹூக், இலண்டன் அரச கழகத்தின் முன் இந்த மூலிகையைப் பற்றி உரையாற்றி, இது மருந்தாகப் பயன்படக்கூடும் என்றார்.

அதே காலத்திலே, சிறைப்பட்ட ஆங்கிலேயர் பிழைப்புக்காகப் பல தொழில்களை மேற்கொண்டனர். சிலர் தொப்பி பின்னினர். சிலர் வயல் உழுதனர். சிலர் சாராயம் வடித்து விற்றனர். ஆக, கொட்டியாரத்திலே பிடிபட்டவர்களின் வரலாற்றிலே கஞ்சா மருந்தாகவும் சாராயம் வாணிபமாகவும் காட்சி தருகின்றன.

இதனால் முன்னோர் யாவரும் மதுவை அறியாதவர் என்று கொள்ளலாகாது. சங்ககாலத்துப் புரவலர் பாணருக்குக் கள்ளளித்து மகிழ்ந்ததைப் பழம்பாடல்கள் பேசுகின்றன. அதே தமிழிலே திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. சைவ ஒழுக்கம் வேரூன்றிய ஊர்களிலே கள் விலக்கப்பட்டது. ஆயினும் வேலி மறைவில் வாங்கிக் குடித்தவரை ஊர் பொறுத்துக்கொண்டது. பனையேறிக் கள்ளிறக்கியவரையே இழிவாக நோக்கியது. பழியும் ஒருவகைப் பண்டந்தான். அதனைச் சுமக்க எளியவனின் தோளே என்றும் தேடப்படுகிறது.

போர்த்துக்கேயர் தந்த சொற்களுள் ஒன்று 'தவறணை'. பின் வந்த ஒல்லாந்தரும், 1795இல் திருக்கோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் சாராயத்தை வருவாய்க்குரிய பொருளாக்கினர். சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அரசிறையின் முக்கிய வழிகளுள் ஒன்றாயிற்று. குத்தகை எடுத்த குடும்பங்கள் பல பெருஞ்செல்வம் திரட்டித் தோட்டங்களும் காரீயச் சுரங்கங்களும் வாங்கின. துறைமுகத்திலே தங்கிய பிரித்தானியக் கடற்படைக்கோ மது அன்றாடப் படியாகவே அளக்கப்பட்டது. 1740இல் அட்மிரல் வெர்னன், மாலுமிகளின் 'றம்' மதுவிலே தண்ணீர் கலந்து கொடுக்கும்படி ஆணையிட்டார். குடியை நிறுத்த எண்ணவில்லை. கீழைக் கடல்களிலே றம்முக்குப் பதிலாகச் சாராயம் வழங்கப்பட்டதும் உண்டு. அரசனின் கப்பலிலே அளந்து கொடுக்கப்படும் பொருளைத் தீயதென்று யார் சொல்வார்?

அபினின் கதை வேறு. இந்தியாவில் விளைந்த அபின் இலங்கையில் உரிமம் பெற்ற கடைகளிலே வெளிப்படையாக விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்கெதிரான குரல் இங்கிலாந்திலும் இலங்கையிலும் எழுந்தது. 1910ஆம் ஆண்டுச் சட்டம் கடை வியாபாரத்துக்கு முடிவு கட்டி, பதிவு பெற்ற பழக்கக்காரருக்கும் நாட்டு வைத்தியருக்கும் மட்டும் அபினை அரசாங்கத்தின் வழியே கிடைக்கச் செய்தது. இரண்டே ஆண்டுகளின் பின், 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் வெவ்வேறு தவறணைகள் என்ற ஏற்பாட்டினால் ஊர்தோறும் கள்ளுக் கடைகள் திறக்கப்பட்டன. ஒரு கதவு மூடியது. மறு கதவு அகலத் திறந்தது.

மக்கள் வாளாவிருக்கவில்லை. மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் பரவியது. டி. பி. ஜயதிலக்க, எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலிய தலைவர்கள் அதில் முன்னின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அரசாங்கம் அவர்களைச் சிறையிலிட்டது. தவறணையை எதிர்ப்பது ஆட்சியையே எதிர்ப்பதாகக் கொள்ளப்பட்ட காலம் அது. 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தியடிகள் யாழ்ப்பாணத்திலும் மதுவிலக்கை வலியுறுத்தினார்.

இதற்கிடையே உலக அரங்கிலே வேறொரு வரிசை வகுக்கப்பட்டது. 1912இல் ஹேக் நகரிலே அபினைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை உருவாயிற்று. 1925இல் ஜெனீவா உடன்படிக்கை, எகிப்தின் வேண்டுகோளால், கஞ்சாவையும் அப்பட்டியலிலே சேர்த்தது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. நொக்ஸ் வெல்லத்துடன் உண்ட இலை, ஆயுள்வேத மருந்துக்கன்றி வேறெதற்கும் ஆகாத குற்றப் பொருளாயிற்று. சாராயம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதற்குத் தனித் திணைக்களம், தனி வரி, தனி உரிமம்.

1957 ஒக்டோபரில் திருக்கோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1970 யூலை 31ஆம் நாள் பிரித்தானியக் கடற்படை தன் மதுப்படியையும் நிறுத்திற்று. தவறணையோ நிலைத்தது. 1984இல் இலங்கை, குறித்த அளவுக்கு மேல் ஹெரோயின் கடத்துவோருக்கு மரண தண்டனையை விதிக்கச் சட்டம் இயற்றியது. 2006ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்கு மதுவும் புகையிலையும் விற்பதைத் தடுத்தது. 1979இல் பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்த விதி, 2018 சனவரியில் நீக்கப்பட்டுச் சில நாட்களிலேயே மீண்டும் நிலைநாட்டப்பட்டது. ஆணின் கையில் களிப்பாகவும் பெண்ணின் கையில் கேடாகவும் ஒரே கிண்ணம் தோன்றுமாயின், அத்தோற்றம் கிண்ணத்திலுள்ள பொருளால் வந்ததன்று.

அபினும் ஹெரோயினும் கொடியவை என்பதில் ஐயமில்லை, கஞ்சாவும் தீங்கற்றதன்று. ஆனால் ஒன்றின் கொடுமை மற்றொன்றுக்கு நற்சான்றாகாது. கரைவலை இழுத்துப் பெற்ற கூலி அன்றிரவே தவறணையில் கரையும்போது, அந்த வீட்டிலே எரியாத அடுப்பு எந்த நீதிமன்றத்திலும் வழக்காவதில்லை. சாராயத்துக்குக் காசு போதாதவன் கசிப்பைத் தேடிப் போகிறான். மறுபுறம், போதைத்தூளுக்கு அடிமையான இளைஞனை ஊர் கள்வனாகவே காண்பதால், அவன் தன் நோயை வைத்தியரிடமும் சொல்ல அஞ்சுகிறான். முதல்வனுக்குக் கிடைக்கும் சிரிப்பும் இரண்டாமவனுக்குக் கிடைக்கும் வெறுப்பும் இருவரையுமே மருந்திலிருந்து தூர நிறுத்துகின்றன.

கொட்டியாரக் குடாவிலே 'ஆன்' கப்பல் நங்கூரமிட்டு மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இக்காலத்துள் மருந்து குற்றமாயிற்று, வெறுப்புக்குரியது வருவாயாயிற்று. சட்டங்கள் இனியும் மாறலாம். கெடுதியை வீட்டின் அடுப்பிலிருந்து அளக்கக் கற்ற சமுதாயமே எந்தச் சட்டம் தேவை என்பதையும் அறியும்.