டிராகன் படகும் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் அணி சேர்ந்து, சீன மரபில் வந்த நீண்ட டிராகன் படகைத் துடுப்புப் போட்டுச் செலுத்தும் விளையாட்டு இது. 1996இல் கனடாவின் வான்கூவரில் ஒரு மருத்துவச் சோதனையாகத் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது.

படகு மிகப் பழையது. மிலுவோ ஆற்றில் மூழ்கி உயிர்விட்ட சீனக் கவிஞர் சூ யுவானின் நினைவாக, சந்திர ஆண்டின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் ஓட்டப்படுவது என்பது மரபு. 1976இல் ஹாங்காங்கில் பன்னாட்டுப் போட்டியானது. 1986இல் வான்கூவரில் நடந்த உலகக் கண்காட்சியையொட்டி அந்நகருக்கும் வந்து சேர்ந்தது.

மார்பக அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் பெரும்பாலும் அகற்றுவார்கள். நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கிவிடும் அபாயம் அதனால் உண்டு. ஆகவே அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது என்பது நெடுங்காலம் மருத்துவர் வாக்காக இருந்தது. நம் பக்கத்தில் அது 'குடம் தூக்காதே, துணி பிழியாதே' என்று வீட்டுச் சட்டமாகவே ஆகிவிடும். அக்கறையில் பிறந்த தடைதான். ஆனால் சோதித்துப் பார்த்து விதித்த தடையல்ல.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி அதைச் சோதித்தார். சிகிச்சை முடிந்த 24 பெண்களைச் சேர்த்து, முதலில் உடற்பயிற்சிக் கூடத்தில் கையையும் தோளையும் பலப்படுத்தி, பிறகு படகில் ஏற்றினார். புதிதாக யாருக்கும் வீக்கம் வரவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் கூடவில்லை. 1998இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் இதை எழுதினார். இருபத்து நான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் படிப்படியாகப் பாரம் கூட்டிச் செய்யும் பயிற்சி வீக்கத்தை மோசமாக்குவதில்லை என்று பின்னாளைய பெரிய ஆய்வுகளும் காட்டின.

படகில் பலகைக்கு இருவராக இருபது பேர் முன்னோக்கி உட்காருகிறார்கள். முகப்பில் ஒருவர் முரசடிக்க, பின்னால் ஒருவர் நின்று திசை திருப்புகிறார். முரசுக்குச் சரியாக இருபது துடுப்பும் ஒன்றாக நீரில் இறங்க வேண்டும். தெரிந்தவர்கள் கையால் இழுப்பதில்லை. இடுப்பைத் திருப்பி, முதுகால் இழுப்பார்கள். இந்த விளையாட்டு உடலுக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். துடுப்புப் போடுபவர்கள் நோய் கண்டு மீண்டவர்களாக இருக்க வேண்டும்; முரசும் சுக்கானும் ஆதரவாளர்கள் கையில் இருக்கலாம்.

இவ்வணிகளுக்கான பன்னாட்டு ஆணையம் 2010இல் அமைந்தது. 2018இல் இத்தாலியின் பிளாரன்சிலும், 2023இல் நியூசிலாந்தின் கராபிரோ ஏரியிலும் பெருவிழாக்கள் நடந்தன. ஓட்டங்கள் முடிந்ததும் படகுகளை அருகருகே நிறுத்தி, இறந்த தோழிகளுக்காக இளஞ்சிவப்பு மலர்களை நீரில் இடுவது வழக்கம். தமிழர் வாழும் சிங்கப்பூரில் மார்பகப் புற்றுநோய் அறக்கட்டளைக்கு இத்தகைய அணி உண்டு.

நம் தென்காசிப் பக்கம் டிராகன் படகுக்கு ஈடான நெடும்படகு மரபைத் தேடினால், அது மலைக்கு அப்பால் கேரளத்தில்தான்: 1952 முதல் ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைச் சுண்டன் வள்ளப் போட்டி. மலைக்கு இப்பக்கம் குற்றாலத்தில் ஐந்தருவி சாலையின் வெண்ணமடைக் குளத்தில், சாரல் காலத்தில் குளம் நிறைந்தபின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது. சாரல் விழாவில் படகுப் போட்டியும் உண்டு. அங்கே கூட்டம் ஏறுவது பெரும்பாலும் மிதிபடகில், அது காலுக்கு வேலை. அறுவை முடிந்த கைக்குப் பயன்படக்கூடியது துடுப்புப் படகே. அதிலும் மருத்துவரைக் கேட்டு, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போவதே முறை. மெக்கென்சியின் பெண்களும் முதல் நாளே படகேறிவிடவில்லை.