குழந்தைகளின் பல் அடைப்புக்கான மரப்பு மருந்துகள்

சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்து அடைக்கும் முன், அதன் நரம்பின் உணர்வைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் மருந்துகள் இவை. நரம்பிழைக்குள் சோடியம் அயனிகள் நுழைவதை இவை தடுப்பதால் வலி மூளைக்கு எட்டுவதில்லை. குழந்தை விழித்தே இருக்கும்.

வரலாறு கோகா இலையில் தொடங்குகிறது. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண் அறுவைக்கு, அந்த இலையிலிருந்து கிடைக்கும் கோகேயினைப் பயன்படுத்திக் காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பருகே அதை ஊசியாகச் செலுத்திப் பற்களை மரக்கச் செய்தார். தம் உடலிலேயே சோதனை நடத்திய அவர் கோகேயினுக்கு அடிமையானார். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கி, 1905இல் 'நோவோகேயின்' என்ற பெயரில் வழக்குக்கு வந்த புரோக்கேயினுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் மரப்பு மெதுவாகவே வந்தது; சிலருக்கு ஒவ்வாமையும் உண்டானது.

திருப்பம் ஸ்வீடனில் நேர்ந்தது. நில்ஸ் லோஃப்கிரேன் 1943இல் தயாரித்த லிடோகேயினை, அவருடைய இளம் சகா பெங்க்ட் லுண்ட்குவிஸ்ட் தம் உடலில் செலுத்திச் சோதித்தார். அஸ்ட்ரா நிறுவனம் 1948இல் 'சைலோகேயின்' என்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியப் பல் மருத்துவர்கள் லிக்னோகேயின் என்று சொல்வதும் இதைத்தான். விரைவாக மரக்கும், ஒவ்வாமை மிக அரிது. ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினைச் சேர்த்தால், மருந்து ஊசி போட்ட இடத்திலேயே நெடுநேரம் தங்கும்.

அடுத்த போட்டியாளர் ஆர்ட்டிகேயின். ஜெர்மனியில் 1976இல் வழக்கத்துக்கு வந்த இதற்கு அமெரிக்க அனுமதி 2000இல்தான் கிடைத்தது. மற்றவற்றில் உள்ள பென்சீன் வளையத்துக்குப் பதிலாக இதில் தயோஃபீன் வளையம் உண்டு. ரத்தத்திலேயே பெரும்பகுதி சிதைந்துவிடுவதால், கல்லீரலை நம்பியிருக்கும் லிடோகேயினைவிட விரைவில் உடலைவிட்டு நீங்கும்.

எனினும் குழந்தைகளிடம் முதல் கணக்கு உடல் எடைதான். லிடோகேயினுக்கு அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் வைத்துள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு இது 66 மில்லிகிராம். 1.8 மில்லி கொண்ட 2% குப்பியில் 36 மில்லிகிராம் இருப்பதால், இரண்டு குப்பிகள் போட்டாலே வரம்பு மீறிவிடும். ஆர்ட்டிகேயின் 4% செறிவில் வருவதால் அதே அளவுக் குப்பியில் 72 மில்லிகிராம் இருக்கும். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உற்பத்தியாளர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

குழந்தைகளின் தாடை எலும்பு அடர்த்தி குறைந்தது. ஆகவே கீழ்ப் பால் கடைவாய்ப் பல்லுக்குக்கூட, ஆழமான நரம்பூசியைத் தவிர்த்து ஈறோரத்தில் ஆர்ட்டிகேயின் போட்டுப் பல மருத்துவர்கள் அடைக்கின்றனர். வலி குறைப்பில் லிடோகேயினுக்கும் ஆர்ட்டிகேயினுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் பலவும் காட்டின. அட்ரினலின் இல்லாத 3% மெபிவகேயின் ரத்தத்தில் விரைவாகக் கலப்பதால் அளவில் கூடுதல் கவனம் தேவை. பல மணி நேரம் மரக்கச் செய்யும் பியூபிவகேயின் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று.

பல்லின் மரப்பு நீங்கிய பின்னும் உதடும் நாக்கும் ஓரிரு மணி நேரம் மரத்திருக்கும். அப்போது குழந்தை உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது அடிக்கடி நேர்கிறது. இந்த மரப்பை விரைவில் போக்கும் ஃபென்டோலமைன் ஊசிக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி அளித்தது. அது கிடைக்காத இடங்களில், உணர்வு முழுதும் திரும்பும்வரை சூடான பண்டம் தராமல் குழந்தையைக் கண்காணிப்பதே பெற்றோர் செய்ய வேண்டியது.